ரீஜெனரேட்டர்: வெளியே போகிற வழியில் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு

போகிமான் ஆட்டத்தில் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் ஏபிலிட்டிகள் (ஒவ்வொரு போகிமானுக்கும் உள்ள தனித்திறன்) ஏழெட்டாவது தேறும். ரெய்ன் டிஷ் மழையில் டர்னுக்கு, அதாவது இருவரும் ஒரு தடவை ஆடும் சுற்றுக்கு, 1/16 எச்பி (உயிர்ப்புள்ளி) தரும், டிரை ஸ்கின் அதே மழையில் 1/8. பாய்ஸன் ஹீல் இருந்தால் விஷமே மருந்தாகி டர்னுக்கு 1/8 ஏறும். இவற்றுக்கெல்லாம் களத்தில் நின்று அடி வாங்கிக்கொண்டேதான் ஆற வேண்டும். ரீஜெனரேட்டர் நேர்மாறு. களத்தை விட்டுக் கிளம்பும் நொடியில் முழு எச்பியில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும். மழை வேண்டாம், விஷம் வேண்டாம், மூவின் (போகிமான் போடும் அடி அல்லது வித்தை) பிபியும், அதாவது அதைப் போடக்கூடிய தடவைகளும், தீராது.

2010-இல் பிளாக், ஒயிட் ஆட்டங்களோடு வந்த ஏபிலிட்டி இது. ஸ்கார்லெட், வயலெட்டில் இதன் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. ரிகவர், ஸ்லாக் ஆஃப், ரூஸ்ட் போன்ற ஆற்றும் மூவ்களின் பிபியை அங்கே 10-இலிருந்து 5 ஆக வெட்டிவிட்டார்கள். பிபியைக் கூட்டும் பிபி அப் எல்லாம் ஊட்டினாலும் முன்பு 16 தடவை கிடைத்தது இப்போது 8 தடவைதான். நீண்ட ஆட்டத்தில் எட்டு ரிகவர் சட்டென்று காலியாகும். ரீஜெனரேட்டருக்குத் தீர்ந்துபோகிற கணக்கே கிடையாது.

அதனால் இது இலவசம் என்று நினைக்கிறவர்கள்தான் தோற்கிறார்கள். நீங்கள் போகிமானை மாற்றும் ஒவ்வொரு தடவையும் எதிராளிக்கு ஒரு டர்ன் சும்மா கிடைக்கிறது. அந்த டர்னில் அவர் சோர்ட்ஸ் டான்ஸ் போட்டு அட்டாக்கை இரண்டு மடங்காக்கிக்கொண்டால், உங்களுக்குக் கிடைத்த 33 சதவீதம் காசுக்கு உதவாது. ஆகவே ஆற்றிக்கொள்வதற்காக மாற்றாதீர்கள். எப்படியும் மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றுங்கள், ஆறுவது கூலியாக வந்து சேரட்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

கணக்கு எப்படி ஓடுகிறது

முழு எச்பியை மூன்றால் வகுத்து, பின்னத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சேர்க்கும். லெவல் 100, ஐவி (பிறவிப் புள்ளி) 31, எச்பியில் 252 ஈவி (பயிற்சிப் புள்ளி) என்று வைத்துக்கொண்டால் டாக்ஸாபெக்ஸின் எச்பி 304, ஒரு தடவைக்கு 101 திரும்பும். ஸ்லோப்ரோவுக்கு 394-இல் 131. அமூங்கஸுக்கு 432-இல் 144. அலோமோமோலாவுக்கு 534-இல் 178. ஒப்பிட்டுப் பார்க்க: டர்னுக்குக் கொஞ்சம் ஆற்றும் பொருளான லெஃப்ட்ஓவர்ஸ் மாட்டிய அமூங்கஸுக்கு ஒரு டர்னில் ஏறுவது 27 தான். ஒரே ஒரு மாற்றம், ஐந்து டர்ன் லெஃப்ட்ஓவர்ஸுக்கு மேல்.

பின்னத்தை வெட்டுவதால் ஒரு சின்ன லாபம் உண்டு. லெவல் 50 ஆட்டங்களில் 252 ஈவி கொடுத்த அமூங்கஸின் எச்பி 221. மூன்றால் வகுத்தால் 73, மீதி 2 வீண். 236 ஈவி மட்டும் கொடுத்தால் எச்பி 219 ஆகும், அப்போதும் அதே 73 தான் திரும்பும். மிச்சமான 16 ஈவியில் டிஃபென்ஸில் 2 புள்ளி ஏற்றிக்கொள்ளலாம். அதேபோல ஸ்லோப்ரோ 202-ஐ விட 201-இல் நின்றால் நஷ்டமில்லை, டாக்ஸாபெக்ஸ் 157-க்குப் பதில் 156. எச்பி மூன்றால் மீதியின்றி வகுபடட்டும். பெரிய விஷயமில்லை, ஆனால் காசில்லாமல் கிடைப்பதை ஏன் விட வேண்டும்?

இப்போது உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் போகிமான் உள்ளே வரும்போதெல்லாம் ஒரு அடி வாங்குகிறது, அடி 40 சதவீதம், அடுத்த டர்னில் வெளியே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரீஜெனரேட்டர் இல்லாவிட்டால் 100 போய் 60, பிறகு 20, மூன்றாவது தடவை வரும்போது சாவு. ரீஜெனரேட்டர் இருந்தால் 60-க்கு இறங்கி 93-க்கு ஏறும், 53-க்கு இறங்கி 87-க்கு ஏறும். ஒரு சுற்றுக்கு ஏழு சதவீதம் போல மட்டுமே தேய்ந்து, பத்தாவது தடவைதான் விழும். 33 சதவீதத்துக்குக் குறைவாக அடிக்கிற எதிரி என்றால் அவன் அடித்ததற்கே அர்த்தமில்லை.

அதே கணக்கில் உங்கள் பக்கம் ஸ்டெல்த் ராக் (உள்ளே வருகிறவரைக் குத்தும் கற்கள்) மட்டும் விழுந்திருக்கட்டும். பாறைக்குப் பலவீனமோ எதிர்ப்போ இல்லாத டைப்புக்கு வரும்போது 12.5 சதவீதம் போகும். 100 போய் 47.5, ஏறி 80.8, இறங்கி 28.3, ஏறி 61.6, இறங்கி 9.1, ஏறி 42.4. நாலாவது தடவை வந்து வாங்கும் அடியில் கதை முடிந்தது. பத்து நாலாகிவிட்டது, ஒரே ஒரு மூவால். ரீஜெனரேட்டர் டீம் கட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கல்லும் முள்ளும்தான் (ஸ்டெல்த் ராக், ஸ்பைக்ஸ்) என்பது இதனால்.

யாரிடம் இருக்கிறது, எப்படிக் கைக்கு வரும்

பெரும்பாலானோருக்கு இது மறைந்த ஏபிலிட்டி, ஹிட்டன் ஏபிலிட்டி. ஸ்லோப்ரோ, ஸ்லோகிங், அவற்றின் காலார் பிராந்திய வடிவங்கள், டாக்ஸாபெக்ஸ், அமூங்கஸ், அலோமோமோலா, டாங்க்ரோத், ரியூனிக்ளஸ், சைக்ளிசார், க்ளாஃப், ஹோ-ஓ எல்லாம் இந்த வகை. மியென்ஷாவுக்கும் ஆடினோவுக்கும் இது சாதாரண ஏபிலிட்டி, எனவே ஏபிலிட்டி கேப்சூல் போட்டே மாற்றிக்கொள்ளலாம். டொர்னாடஸுக்குத் தேரியன் வடிவத்தில் மட்டும் உண்டு. ரிவீல் கிளாஸைக் காட்டி வடிவம் மாற்றினால் ஏபிலிட்டியும் தானாக மாறும். (டாங்க்ரோத் ஸ்கார்லெட், வயலெட்டில் இல்லை. பழைய டீம்களைப் படியெடுக்கிறவர்கள் கவனிக்கவும்.)

மறைந்த ஏபிலிட்டியை வாங்க மூன்று வழி. முதலாவது ஏபிலிட்டி பேட்ச். ஸ்கார்லெட், வயலெட்டில் ஆறு நட்சத்திர டெரா ரெய்டுகளை (குழுவாக ஆடும் சண்டை) முடித்தால் பரிசாக விழும். சோர்ட், ஷீல்டில் கிரவுன் டன்ட்ரா என்ற கூடுதல் பகுதியின் மேக்ஸ் லேயரில் 200 டைனைட் ஓர் கொடுத்து வாங்கலாம். இரண்டாவது முட்டை. தாய்க்கு மறைந்த ஏபிலிட்டி இருந்தால் குஞ்சுக்கு 60 சதவீத வாய்ப்பு. ஆணாக இருந்தால் டிட்டோவோடு சேர்த்தால் அதே 60 சதவீதம். ஏழெட்டு முட்டைக்குள் இரண்டு மூன்றாவது தேறும், அதிர்ஷ்டம் கைவிட்டாலொழிய. மூன்றாவது, டெரா ரெய்டில் பிடிக்கும் போகிமானிடம் சில நேரம் அதுவே இருக்கும். எந்த வழியாக வந்தாலும் சம்மரி பக்கத்தில் ஏபிலிட்டியின் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் ஈவி ஏற்றத் தொடங்குங்கள். மெர்சிலெஸ் என்ற வேறு ஏபிலிட்டி உள்ள டாக்ஸாபெக்ஸுக்கு, எச்பி ஈவியை ஏற்றும் எச்பி அப் 26 ஊட்டிவிட்டுத் தலையில் கை வைப்பது அடிக்கடி நடக்கிற கூத்து.

இந்தப் பட்டியலில் எல்லோருக்கும் ரீஜெனரேட்டர்தான் சரி என்றும் இல்லை. ரியூனிக்ளஸுக்கு மேஜிக் கார்ட் பெரும்பாலும் மேல். கல், முள், விஷம், தீக்காயம் எதுவும் தொடாமல் களத்திலேயே நின்று பலம் ஏற்றும் காம் மைண்ட் போட விரும்பும் போகிமான் அது, வெளியே போய் வருவது அதன் வேலை இல்லை.

வெளியே போக இரண்டு வழி

ஒன்று, கையால் மாற்றுவது. மெனுவில் வேறு போகிமானைத் தேர்ந்தெடுத்தால் மாற்றம் எல்லா அடிகளுக்கும் முன்னால் நடக்கும். கிளம்புகிறவருக்கு அடி விழாது, வருகிறவர் வாங்கிக்கொள்வார். எனவே அந்த அடியைத் தாங்கக்கூடியவர் உள்ளே வர வேண்டும்.

இரண்டாவது, மாற்றும் மூவ்கள்: யூ-டர்ன், வோல்ட் ஸ்விட்ச், ஃப்ளிப் டர்ன், டெலிபோர்ட், சில்லி ரிசெப்ஷன். இவை மூவ் நடக்கும் வரிசையில் நடக்கும். மெதுவான போகிமான் போட்டால் எதிராளி முதலில் அடித்து முடித்திருப்பார், அடியை வாங்கிய பிறகு உங்கள் ஆள் கிளம்புவார், புதியவர் கீறல் இல்லாமல் வருவார். ரீஜெனரேட்டருக்குப் பொருத்தமான வழி இதுதான்: வாங்கிய அடியில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது, மெலிந்த ஸ்வீப்பர் (எதிரிகளை வரிசையாக வீழ்த்தும் ஆள்) பத்திரமாக உள்ளே நுழைகிறார். எட்டாம் தலைமுறையில் (சோர்ட், ஷீல்ட்) டெலிபோர்ட் போட்ட ஸ்லோப்ரோ இதற்கு உதாரணம். டெலிபோர்ட்டின் ப்ரையாரிட்டி (மூவ் நடக்கும் முன்னுரிமை) -6 என்பதால் எப்போதும் கடைசிதான். அதற்கு முன் டர்னில், தாமதமாக விழும் அடியான ஃபியூச்சர் சைட் போட்டு வைத்திருந்தால், புதியவர் வந்து நிற்கும்போது அந்த அடியும் எதிராளி தலையில் இறங்கத் தயாராக இருக்கும். இப்போது ஸ்லோகிங்கும் காலார் ஸ்லோகிங்கும் அதே வேலையைச் சில்லி ரிசெப்ஷனில் செய்கின்றன. பனி பொழிவது உபரி.

மாற்றும் மூவ் பிசகும் இடங்கள் உண்டு. யூ-டர்ன் அடியைத் தடுக்கும் ப்ரொடெக்டில் மோதினால் உள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள். வோல்ட் ஸ்விட்ச் கிரவுண்ட் டைப்பிடம் செல்லாது, ஃப்ளிப் டர்ன் தண்ணீர் அடியை உறிஞ்சும் வாட்டர் அப்ஸார்ப் உள்ளவரிடம் செல்லாது. சில்லி ரிசெப்ஷனும் டெலிபோர்ட்டும் அடிக்காத மூவ்கள் என்பதால் டான்ட் அவற்றைத் தடுத்துவிடும். யூ-டர்னும் ஃப்ளிப் டர்னும் தொட்டு அடிக்கும் மூவ்கள். தொட்டவரிடமிருந்து ராக்கி ஹெல்மெட் என்ற பொருள் 1/6, ரஃப் ஸ்கின் என்ற ஏபிலிட்டி 1/8 பிடுங்கும். மிச்சம் பத்து சதவீதத்தோடு ஹெல்மெட் மாட்டிய ஆளை யூ-டர்ன் செய்தால் வாசலைத் தாண்டும் முன்பே செத்துப் போவீர்கள். செத்தவருக்கு ரீஜெனரேட்டர் வேலை செய்யாது.

அலோமோமோலா: ஒரு விஷ், ஒரு ஃப்ளிப் டர்ன்

இந்த ஏபிலிட்டியை ஒரே போகிமானில் முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்பதாம் தலைமுறை (ஸ்கார்லெட், வயலெட்) அலோமோமோலாவைப் பாருங்கள். மூவ்கள்: விஷ், ஃப்ளிப் டர்ன், ப்ரொடெக்ட், ஸ்கால்ட். எச்பியில் 252, மிச்சம் டிஃபென்ஸில். நேச்சர் (குணம்) ரிலாக்ஸ்ட், அது ஸ்பீடைக் குறைக்கும். ஸ்பீட் ஐவி 0. கடைசி இரண்டையும் அலட்சியம் செய்யாதீர்கள். சாதாரணமாக விட்டால் இதன் ஸ்பீட் 166, இப்படிச் செய்தால் 121. மெதுவாக இருப்பதுதான் இங்கே நோக்கம்.

எதிராளி ஒவ்வொரு அடிக்கும் 150 எச்பி எடுக்கிறார், உங்கள் பெஞ்சில் 60 எச்பியோடு ஒரு கிங்காம்பிட் தவிக்கிறது என்று வையுங்கள். அதன் முழு எச்பி 341.

முதல் டர்ன். எதிராளி அடிக்கிறார், 534 போய் 384. அலோமோமோலா விஷ் போடுகிறது. விஷ் அடுத்த டர்ன் முடிவில் களத்தில் நிற்பவரை ஆற்றும், அளவு போட்டவருடைய முழு எச்பியில் பாதி, அதாவது 267.

இரண்டாவது டர்ன். எதிராளி மறுபடி அடிக்கிறார், 384 போய் 234. மெதுவான அலோமோமோலா இப்போது ஃப்ளிப் டர்ன் போடுகிறது, வெளியே போகிற வழியில் 178 ஏறி 412. கிங்காம்பிட் அடி வாங்காமல் உள்ளே வருகிறது. டர்ன் முடிவில் விஷ் இறங்குகிறது, 60 போய் 327.

இரண்டு டர்னில் எதிராளி 300 எச்பி அடித்தார். உங்கள் டீமின் மொத்தக் கணக்கில் 145 கூடியிருக்கிறது. அலோமோமோலா 77 சதவீதத்தில் உட்கார்ந்து அடுத்த சுற்றுக்குத் தயார்.

இதுவே அலோமோமோலா எதிராளியை விட வேகமாக இருந்தால்? ஃப்ளிப் டர்ன் முதலில் நடக்கும், 60 எச்பி கிங்காம்பிட் உள்ளே வரும், அதன் தலையில் அந்த 150 விழும், விஷ் இறங்க ஆள் இருக்காது. அதற்காகத்தான் அந்த 0 ஐவி.

ஒரு எச்சரிக்கை. முதல் டர்னில் விஷ் போடுகிறீர்கள் என்று தெரிந்ததும் நல்ல எதிராளி அடிக்கவே மாட்டார். சும்மா கிடைத்த டர்னில் பலம் ஏற்றும் நாஸ்டி ப்ளாட் போட்டுக்கொள்வார், அல்லது உங்கள் கிங்காம்பிட்டுக்குப் பொருத்தமான ஆளை உள்ளே கொண்டுவருவார். விஷ் போடும் முன் எதிரில் நிற்பவர் பலம் ஏற்றிக்கொள்ளும் ரகமா என்று பாருங்கள். அப்படியென்றால் ஸ்கால்டில் தீக்காயம் வைப்பதே நல்லது.

கையில் என்ன கொடுப்பது

ஹெவி-டியூட்டி பூட்ஸ். ஒற்றையர் ஆட்டத்தில் யோசிக்காமல் கொடுக்கலாம். கல்லும் முள்ளும் தொடாது, 33 சதவீதம் முழுசாகக் கைக்கு வரும். பூட்ஸ் இல்லாத டொர்னாடஸ் தேரியன் பறக்கும் டைப் என்பதால் ஸ்டெல்த் ராக்கில் 25 சதவீதம் இழக்கும். ஒரு சுற்றில் மிஞ்சுவது வெறும் 8. ஹோ-ஓவின் நிலை பரிதாபம். நெருப்பு, பறக்கும் டைப் இரண்டும் சேர்ந்து பாறைக்கு நாலு மடங்கு பலவீனம், ஒரு வருகைக்கு 50 சதவீதம் போகும். 33 வாங்கி 50 கொடுப்பது வியாபாரம் இல்லை. பூட்ஸ் இல்லாத ஹோ-ஓவை டீமில் வைப்பதாக இருந்தால் கல்லையும் முள்ளையும் அகற்றும் ரேபிட் ஸ்பின் அல்லது டிஃபாக் போடுகிற ஆள் கட்டாயம் பக்கத்தில் வேண்டும். மூன்று அடுக்கு ஸ்பைக்ஸும் ஸ்டெல்த் ராக்கும் சேர்ந்தால் தரையில் நிற்கும் சாதாரண ஆளுக்கும் 37.5 சதவீதம், ரீஜெனரேட்டரை அப்படியே விழுங்கிவிடும்.

அசால்ட் வெஸ்ட். பலர் மறந்துவிடும் பொருத்தம் இது. வெஸ்ட் மாட்டினால் ஸ்பெஷல் டிஃபென்ஸ் ஒன்றரை மடங்கு, ஆனால் அடிக்காத மூவ் எதையும் போட முடியாது, ரிகவரும் உட்பட. மற்றவர்களுக்கு அது பெரிய நஷ்டம். ரீஜெனரேட்டர் உள்ளவர்களுக்கு ஆற்றும் மூவே தேவையில்லை, எனவே நஷ்டம் பாதிதான். டாங்க்ரோத், காலார் ஸ்லோகிங், டொர்னாடஸ் மூவரும் இதில் பெயர் வாங்கியவர்கள். சில்லி ரிசெப்ஷனும் அடிக்காத மூவ் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், வெஸ்டோடு அது வேலைக்கு ஆகாது.

லைஃப் ஆர்ப். மியென்ஷாவுக்கு. ஒவ்வொரு அடிக்கும் 10 சதவீதம் போகும், மூன்று அடிக்கு ஒரு மாற்றம் என்று ஆடினால் ரீஜெனரேட்டர் கணக்கைச் சமன் செய்துவிடும். ஹை ஜம்ப் கிக் தவறினால் போகும் பாதி எச்பியை மட்டும் ரீஜெனரேட்டரால் முழுசாக ஈடுகட்ட முடியாது.

சைக்ளிசாரின் ஷெட் டெயில் தனிக் கணக்கு. பாதி எச்பி கொடுத்து ஒரு சப்ஸ்டிட்யூட்டை (அடி வாங்கும் பதிலி) அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகும் மூவ் அது. ரீஜெனரேட்டர் மூன்றில் ஒன்றைத் திருப்பித் தருவதால் உண்மையான விலை ஆறில் ஒன்று. முழு எச்பியிலிருந்து தொடங்கினால் மூன்று தடவை போடலாம், ஸ்டெல்த் ராக் இருந்தால் இரண்டு. ஸ்மோகன் என்ற ரசிகர் தளத்தின் விதிகளில், ஓயூ பிரிவில் ஷெட் டெயிலே தடை செய்யப்பட்டது ஏன் என்று இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

எங்கே கெட்டுப்போகிறது

அதிகம் நடக்கிற தப்பு, நேரம் தப்புவது. 90 சதவீதத்தில் நிற்கும் ஸ்லோப்ரோவை வெளியே எடுத்தால் கிடைப்பது 10 தான், மிச்சம் 23 காற்றில் போயிற்று. 67-க்குக் கீழே இருந்தால்தான் முழுப் பங்கும் வரும். அதற்காகக் கீழே இறங்கட்டும் என்று 35 சதவீதம் வரை காத்திருப்பதும் தப்பு. அடுத்த அடி க்ரிட்டிக்கல் ஹிட்டாக விழுந்தால் ஆளே இல்லை. எதிரில் நிற்பவரின் பலமான அடி உங்களை எத்தனை எடுக்கும் என்று டேமேஜ் கால்குலேட்டரில் பாருங்கள். அதற்கு மேல் எப்போதும் பத்துப் பதினைந்து கையிருப்பு வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

அடுத்தது, கையிலுள்ள பொருளைத் தட்டிவிடும் நாக் ஆஃப். ரீஜெனரேட்டர் ஆட்கள் அடிக்கடி உள்ளே வருவார்கள் என்பதால் நாக் ஆஃபையும் அடிக்கடி சந்திப்பார்கள். பூட்ஸ் போய்விட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் தலைகீழ். டீமில் யார் பொருளை இழந்தாலும் பரவாயில்லையோ அவரை முதல் நாக் ஆஃபுக்கு அனுப்புங்கள். டாக்ஸாபெக்ஸோ ஸ்லோகிங்கோ அந்த ஆளாக இருக்கக் கூடாது.

மூன்றாவது, ஏபிலிட்டியே இல்லாமல் போவது. வீஸிங்கின் நியூட்ரலைசிங் கேஸ் களத்தில் இருக்கும்போது வெளியே போனால் ஒன்றும் ஏறாது. மம்மி அல்லது லிங்கரிங் அரோமா உள்ளவரைத் தொட்டு அடித்தால் உங்கள் ஏபிலிட்டி மாறிவிடும், அதே ஃப்ளிப் டர்னில் கிளம்பினாலும் பலனில்லை. திரும்ப உள்ளே வரும்போது ரீஜெனரேட்டர் பழையபடி இருக்கும், ஆனால் அந்த ஒரு தவணை போனது போனதுதான். மெகா எவல்யூஷன் உள்ள ஆட்டங்களில் ஸ்லோப்ரோ மெகாவானதும் ஷெல் ஆர்மர் வந்துவிடும், ரீஜெனரேட்டர் அதோடு சரி. எனவே ஆட்டத்தின் முற்பாதியில் மெகாவாகாமல் உள்ளே வெளியே ஓடவிட்டு, முடிக்கிற நேரத்தில் மெகாவாக்குவதுதான் வழக்கம்.

மாட்டிக்கொள்வது நாலாவது. ஷாடோ டேக், அரீனா ட்ராப், வேர்ல்பூல், இன்ஃபெஸ்டேஷன் எல்லாம் கையால் மாற்றுவதைத் தடுக்கும். யூ-டர்னும் ஃப்ளிப் டர்னும் இருந்தால் அந்தப் பிடியிலிருந்தும் நழுவலாம். டாக்ஸாபெக்ஸ், அமூங்கஸ் மாதிரி கையால் மட்டும் மாறுகிறவர்கள்தான் சிக்குவார்கள். ஏழாம் தலைமுறை வரை ஆடுகிறவர்கள் பர்ஸ்யூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிளம்பும்போதே இரட்டைப் பலத்தில் அடிக்கும், பிழைத்தால்தான் மூன்றில் ஒன்று. எட்டாம் தலைமுறையில் அந்த மூவ் எடுக்கப்பட்டபோது ஸ்லோப்ரோ, ஸ்லோகிங் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் மகிழ்ந்தார்கள்.

விஷத்தைப் பற்றி வீணாகப் பயப்பட வேண்டாம். ரீஜெனரேட்டர் விஷத்தைக் குணப்படுத்தாது, அது நாச்சுரல் க்யூரின் வேலை. ஆனால் டாக்ஸிக் விஷம் வெளியே போனதும் மறுபடி 1/16-இலிருந்து எண்ணத் தொடங்கும். இரண்டு டர்ன் நின்றுவிட்டுக் கிளம்பினால் 1/16, 2/16 என்று மொத்தம் 19 சதவீதம் போல போய், 33 திரும்பும். நாலைந்து டர்ன் பிடிவாதமாக நிற்கிறவரைத்தான் டாக்ஸிக் கொல்லும்.

இரண்டு பேரை வைத்து ஆடுவது

ஒரே டீமில் இரண்டு ரீஜெனரேட்டர், ஒருவருடைய பலவீனத்தை மற்றவர் தாங்குவது: டாக்ஸாபெக்ஸும் டாங்க்ரோத்தும் ஏழாம் தலைமுறையில் இப்படித்தான் ஆடினார்கள். கிரவுண்ட், எலெக்ட்ரிக் வந்தால் டாங்க்ரோத், நெருப்பு, பனி, பூச்சி வந்தால் டாக்ஸாபெக்ஸ். எதிராளி சரியான மூவை ஊகிக்காத ஒவ்வொரு டர்னிலும் இருவரில் ஒருவர் ஏறிக்கொண்டே இருப்பார். ஆனால் மூன்றாவது, நாலாவது ரீஜெனரேட்டர் என்று சேர்த்துக்கொண்டே போவது ஆசை. அப்படிப்பட்ட டீம் சாகாது, ஜெயிக்கவும் ஜெயிக்காது. சும்மா கிடைக்கும் டர்ன்களில் எதிராளி நிதானமாக ஸ்பைக்ஸ் அடுக்குவார், பிறகு பலம் ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் வழித்துவிடுவார். இருவரில் ஒருவரிடமாவது அந்தப் பலத்தை அழிக்கிற மூவ் வேண்டும். டாக்ஸாபெக்ஸின் ஹேஸ் இதற்காகத்தான். நாலாவது மூவுக்கு இடமில்லை என்று ஹேஸை எடுத்துவிடாதீர்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் நிலைமை வேறு. நாலு பேர்தான் வருவார்கள், ஆட்டம் சீக்கிரம் முடியும். ஒரு ஆட்டத்தில் ரீஜெனரேட்டர் ஒன்றிரண்டு தடவை வேலை செய்தாலே அதிகம். அங்கே அமூங்கஸ் ரேஜ் பவுடர் போட்டு அடிகளைத் தன் மேல் இழுத்துக்கொண்டு, ஸ்போரில் ஒருவரைத் தூங்க வைத்துவிட்டு, தேய்ந்ததும் வெளியே போய் 73 எச்பியோடு பிறகு மறுபடி வரும். மெதுவானவரை முதலில் ஆட வைக்கும் ட்ரிக் ரூம் டீமென்றால் ஸ்பீட் ஐவி 0, ஸ்பீட் குறைக்கும் நேச்சர். லெவல் 50-இல் 31 ஸ்பீட் வரும். அமூங்கஸை ஆட்டத்தின் முதல் டர்னிலேயே போட்டுச் சாகக் கொடுப்பதை விட, இரண்டாம் பாதிக்கு 60, 70 எச்பியோடு பெஞ்சில் வைத்திருப்பது எதிராளிக்குப் பெரிய தலைவலி. அது திரும்ப வந்தால் மறுபடி ஸ்போர்.

எதிராளியிடம் இருந்தால்

ரீஜெனரேட்டர் வேலை செய்யும்போது திரையில் எந்த அறிவிப்பும் வராது. 48 சதவீதத்தில் போன ஸ்லோப்ரோ 81-இல் திரும்பி வந்தால்தான் உங்களுக்கே தெரியும். ஆகவே வெளியே போகிற ஒவ்வொருவரின் எச்பியையும் மனசில் குறித்துக்கொள்ளுங்கள். டாக்ஸாபெக்ஸ், அமூங்கஸ், அலோமோமோலா என்றால் வரும் முன்பே ரீஜெனரேட்டர் என்று வைத்துக்கொண்டே ஆடலாம்.

அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கொல்லலாம் என்று நினைக்காதீர்கள், 25 சதவீத அடிகள் வீண். முதலில் ஸ்டெல்த் ராக், அடுத்து நாக் ஆஃபில் பூட்ஸைப் பறிப்பது, பிறகு ஸ்பைக்ஸ். இந்த வரிசை மாறக் கூடாது: பூட்ஸ் காலில் இருக்கும்வரை ஸ்பைக்ஸ் அந்த ஆளைத் தொடாது. அவர் மாறப்போகிறார் என்று தெரிந்த டர்னில் அவரை அடிக்காமல், வரப்போகிறவரை மனசில் வைத்து அடியுங்கள், அல்லது பலம் ஏற்றிக்கொள்ளுங்கள். ரோர், வேர்ல்விண்ட் போட்டு விரட்டினாலும் ரீஜெனரேட்டர் ஏறும். களத்தில் முள் போடாமல் டாக்ஸாபெக்ஸை விரட்டினால் நீங்களே மருந்து கொடுத்தனுப்புகிறீர்கள்.

கதை ஆட்டத்தை மட்டும் ஆடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. எதிர் ட்ரெய்னரின் போகிமான் விழுந்ததும் அடுத்தவர் வருவதற்கு முன் மாற்றிக்கொள்கிறீர்களா என்று ஆட்டமே கேட்கும். அப்போது ஆம் சொன்னால் எந்த டர்னும் போகாமல், எந்த அடியும் படாமல் மூன்றில் ஒன்று ஏறிவிடும். ஜிம்முக்குள் போகும்போது பையில் இரண்டு ஹைப்பர் போஷன் குறைவாகவே போதும்.